மகதலேனாவின் மூக்கு

கிளாரன்ஸ் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் அவர் வெளியே போய்விட்டு வந்தால் மனைவி மகதலேனா முதலில் மோந்து பார்ப்பது அவர் சட்டைக் காலரைத்தான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. காலர் இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.

காரணம் அந்தக் கலர் விளக்கு. செந்தூல் ரயில் பட்டறையில் எலெக்ட்ரிஷியனாக இருந்தபோது, சனிக்கிழமைகளில் நண்பர்களின் இங்கிலீஷ் பாட்டுக் கச்சேரிக்கு அவர்தான் லைட் போடுவார். இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே தேங்காயெண்ணெயும் கேசரி கலரும் தண்ணீரும் ஊற்றி, புரொஜெக்டர் வெளிச்சத்தில் அசைப்பார். சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையும் குமிழ் குமிழாக நெளியும். எல்எஸ்டி என்கிற போதை மருந்து சாப்பிட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கண்ணுக்கு உலகம் இப்படித்தான் தெரியுமாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அது போதாதா? "எதையும் சாப்பிடாம சும்மா இருக்கிறவன் கண்ணுக்கு இந்தக் கலரெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மகதலேனாவின் அம்மா கேட்டார். அந்தக் கேள்வியையும் சீதனத்தோடு சேர்த்து அனுப்பிவைத்தார்.

அதிலிருந்து மனிதர் பட்ட பாடு கொஞ்சமா? தும்மினால் சந்தேகம், சிரித்தால் பெரிய சந்தேகம். ஜெபக் கூட்டத்தில் "போதைக்கு அடிமையான ஒரு ஆத்துமாவுக்காக" என்று மகதலேனா வாராவாரம் தொடங்குவாள். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். சத்தியம் செய்தார், கத்தினார், பிறகு விட்டுவிட்டார். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் "உங்கள நம்புறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையில்லை.

அவர்கள் மகள் விவியன் சுங்கை பூலோ பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சலர். போதைப்பொருள் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது அவள் வேலை. புருஷனைப் பிரிந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள்.

போன மாதம் ஒரு நாள் காலையில், ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பின்னால், காளான் படம் போட்ட சாக்லேட் ஒன்று கிளாரன்ஸ் கையில் அகப்பட்டது. தாளில் நெளிந்த கலர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். போதைக் காளான் கலந்தது என்று போட்டிருந்தது. மகதலேனா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தூக்கமே வரல டாடி. ஃபிரெண்ட் ஒருத்தி குடுத்தா. இது அந்தக் காலம் மாதிரி இல்ல லா. இப்ப மருந்துன்னு ரிசர்ச் பண்றாங்க, டாக்குமென்டரியெல்லாம் வந்திருக்கு."

"போலீஸும் அந்த டாக்குமென்டரிய பாத்திருக்காங்களாமா?"

விவியன் தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னும் தொடல டாடி. இப்பவே வீசிடறேன்."

நம்பலாமா? அவள் கண்ணையே உற்றுப் பார்த்தார். மகதலேனா தன்னைப் பார்ப்பதும் இப்படித்தானே என்று தோன்றியதும் வெட்கமாகப் போய்விட்டது.

கேட் சத்தம் கேட்டது. சாக்லேட் இன்னும் அவர் கையில். மீன் பையோடு உள்ளே வந்த மகதலேனா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பக்கத்தில் முகம் வெளிறி நின்ற மகளைப் பார்க்கவே இல்லை.

"ஏங்க, என்ன அது?"

உண்மையைச் சொன்னால் இத்தனை வருடக் கெட்ட பெயர் இந்த நிமிடமே தொலையும். ஆனால் மகதலேனாவின் வாயில் எது தங்கும்? விஷயம் ஜெபக் கூட்டத்துக்குப் போனால் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். விவியனின் வேலை அதோடு முடிந்தது.

"மம்மி, அது வந்து..."

"என்னுதுதான்" என்றார் கிளாரன்ஸ்.

மகதலேனா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு எழுந்து சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து மகளை அவருக்கு எதிரே உட்காரவைத்தாள்.

"ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சொல்லுவியே, அதையே உங்க டாடிக்கும் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"சொல்லும்மா, கேக்குறேன்" என்றார் கிளாரன்ஸ்.

விவியன் வாயைத் திறந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"பாத்தீங்களா" என்றாள் மகதலேனா, "பெத்த பொண்ணையே அழ வச்சிட்டீங்க."