ஆர்லிஸின் புயல் வீடு

பசிபிக் கரையில் ஒரு பனிப்புயல் ஏறினால், அது மலைகளைத் தாண்டி எங்கள் வடக்கு டகோட்டாவுக்கு வருவதற்குள் ஊர்க்கடையில் ஒரு ரொட்டி மிஞ்சாது. எல்லோரும் பாலையும் ரொட்டியையும் அள்ளிக்கொண்டு வந்து, வானிலை சொல்கிறவரைத் திட்டுவோம். ஆர்லிஸ் ஹாகன் மட்டும் மாடியறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போடுவாள்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தொலைதூரப் பண்ணைகளிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். புயலில் பாதை மறைந்துவிட்டால் அவர்கள் தங்குவதற்கு ஊருக்குள் ஆளுக்கொரு வீடு ஒதுக்கியிருக்கும். புயல் வீடு என்போம். கணவன் இறந்த வருடம், பிள்ளையில்லாத ஆர்லிஸும் பெயர் கொடுத்தாள். அவளுக்கு வாய்த்தது பிரிட்டா என்ற ஒன்றாம் வகுப்புக் குழந்தை. அன்றைக்கே முயல் படம் போட்ட இரவு உடை ஒன்று வாங்கி வைத்தாள்.

புயல்களுக்கு ஆர்லிஸ் மேல் என்ன கோபமோ, சனி ஞாயிறாகப் பார்த்து வந்தன. தப்பினால் கிறிஸ்துமஸ் விடுமுறையில். ஒன்று ஒழுங்காகச் செவ்வாய்க்கிழமை மதியத்தில் கிளம்பி வந்து, கடைசி நேரத்தில் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டது. வானிலை பார்க்கும் செயற்கைக்கோள்கள் பெருகியதும் நிலைமை இன்னும் மோசம். பனி விழுவதற்கு முன்பே பள்ளிக்கு லீவு. கோடிக்கணக்கில் செலவழித்து, ஆர்லிஸின் ஒரே விருந்தாளியை வரவிடாமல் செய்துவிட்டார்கள்.

தேவாலயத்தில் பிரிட்டாவைப் பார்க்கும்போதெல்லாம், "தொப்பி போட்டுக்கோ, காது விறைச்சிடும்" என்பாள். அதற்கு மேல் உரிமை கொண்டாட ஒரு புயல் வேண்டியிருந்தது.

பிரிட்டா வளர்ந்து, சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டி, பள்ளியின் கடைசி வருடத்துக்கும் வந்துவிட்டாள். கோடையில் மினியாப்பொலிஸ் நகரத்துக்குப் போய்விடுவாள். அந்தப் பிப்ரவரியில் பெரிய புயல் ஒன்று மேற்கே மொன்டானாவைக் கடந்தது. வழக்கம்போலப் பள்ளியை முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். ஆர்லிஸ் ஜன்னலோரம் நின்று பஸ்கள் போவதைப் பார்த்தாள். அடுப்பில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் நாலு பேருக்கு ஆகிற அளவு வெந்துகொண்டிருந்தன.

கதவு தட்டும் சத்தம். பிரிட்டா நின்றாள்.

"மிஸஸ் ஹாகன், ரோடே தெரியல. இங்க தங்கிக்கலாமா?"

ஆர்லிஸ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தானியக் கிடங்கின் மேல் எழுதியிருந்த பெயரும் தெரிந்தது.

"ஆமா, ரொம்ப மோசமாத்தான் இருக்கு. பூட்ஸைக் கழட்டிட்டு வா."

பிரிட்டா பூட்ஸைக் கழற்றியபடி சொன்னாள்: "வருஷா வருஷம் உன் புயல் வீடு ஹாகன் வீடுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. உள்ள எப்படி இருக்கும்னு பார்க்காமலே ஊரை விட்டுப் போயிடுவேனோன்னு இருந்துச்சு."

சற்று நேரத்தில் பிரிட்டாவின் அம்மா கரென் போன் செய்தாள். "ஆர்லிஸ், பஸ்ஸெல்லாம் இங்க வந்து சேர்ந்தாச்சே. அங்க எப்படி இருக்கு?"

"நீட்டினா என் கையே எனக்குத் தெரியல, கரென்."

"அப்படின்னா அங்கேயே இருக்கட்டும். சாப்பாட்டுல உப்பை அள்ளிப் போட்டுப்பா, பார்த்துக்கங்க."

பொழுது சாயும்போது புயல் நிஜமாகவே வந்து, ஆர்லிஸின் பொய்யை மெய்யாக்கிக் கொடுத்தது.

மாடியிலிருந்து பிரிட்டா அந்த முயல் உடையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "இது யாருக்கு?"

"உனக்குத்தான். நீதான் லேட்."

பிரிட்டா அதைத் தலையில் கவிழ்த்து, அதன் கைகளைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டாள். "இப்ப காது விறைக்காதுல்ல?"

ஆர்லிஸ் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காற்று அடங்கியதும், பனி தள்ளும் வண்டியோடு லோவெல் வந்தான். ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"மத்த தெருவெல்லாம் முடிச்சிட்டியா?"

"உங்க தெருதான் முதல்ல, மிஸஸ் ஹாகன். தனியா இருக்கீங்களேன்னு வந்தேன்."

"யாரு தனியா இருக்கா? போய்ப் பாஸ்டர் வீட்டைப் பாரு. இங்க ஒண்ணும் அவசரமில்ல."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

ஆர்லிஸ் மேற்கே பார்த்தாள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"பின்னாலயே இன்னொண்ணு வருதாம்ல? அதுவும் வந்துட்டுப் போகட்டும்."