திரேசம்மா மிஸ்ஸியின் கோபம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டிஸ்பென்சரியில் நோயாளருக்கு மருந்து கலந்துகொண்டிருந்தேன். பட்டணத்தால் வந்த பஸ் சாரதி யன்னலடியில் நின்று, "ஐயா, குருநகரிலை திரேசம்மா மிஸ்ஸி மோசம் போயிட்டா. பின்னேரம் அடக்கம்," என்றார். நின்றவர்களுக்கு மருந்து கொடுத்து முடித்ததும் புறப்பட்டேன்.

அடக்கத்தின்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசினார். "கோபம் என்பதே அறியாத தாய்" என்றார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவர் மருத்துவிச்சியாகவும் நான் அப்போதிக்கரியாகவும் ஏழு வருடம் ஒரே டிஸ்பென்சரியில் வேலை செய்தோம். திரேசம்மா மிஸ்ஸி கோபக்காரி. அவரிடம் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஏச்சு வாங்கியவர்களுக்கும் இது தெரியும். செத்தவுடன் அவரைச் சாதுவாக்கிவிட வேண்டாம்.

பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் கண்ணிலும் அவர் மருந்துத்துளி விடுவார். புருசனிடமிருந்து தாய்க்கு வெட்டை நோய் தொற்றியிருந்தால் பிரசவத்தின்போது அது குழந்தையின் கண்ணில் தொற்றிப் பார்வையைக் கெடுத்துவிடும். ஒரு பெரிய வீட்டில் குழந்தையின் பாட்டனார் தடுத்தார். "உது கடற்கரைச் சனத்துக்கு விடுற மருந்து. எங்கடை வீட்டிலை உந்த வியாதி இல்லை."

கடற்கரையில் பிறந்த மிஸ்ஸி குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. "நான் வீடு பாத்து விடுறேல்லை ஐயா. கண் பாத்து விடுறனான்," என்று சொல்லி இரண்டு கண்ணிலும் விட்டு முடித்தார். டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்தபிறகுதான் மருந்துப் பையை மேசையில் எறிந்தார். "பிள்ளை குருடாப் போனாலும் மானம் போகப்படாதாம்," என்றார்.

இன்னொரு பெண்ணின் கதையையும் சொல்லவேண்டும். ஊரையும் பெயரையும் எழுதமாட்டேன். அவள் கணவர் மலாயாவில் கிளாக்கராக இருந்து திரும்பியவர். மூன்று முறை கருவுற்றாள். மூன்றும் இறந்தே பிறந்தன. மாமியார் அவளை ராசியில்லாதவள் என்றார். மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் தொடங்கினார். மூன்றாவது குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்திருந்ததைக் கண்ட மிஸ்ஸி நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, இது கிரந்தி மாதிரிக் கிடக்கு. அந்த மனுசன் உங்களிட்டை வந்தவரோ?"

வந்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் பின்வாசலால் வந்து, கிரந்தி என்ற அந்தப் பால்வினை நோயின் புண்ணுக்கு மருந்து வாங்கினார். புண் ஆறியது. ஆனால் புண் ஆறுவது வேறு, நோய் தீர்வது வேறு. கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவேண்டியது என் கடமை. "நாள் வைச்சாச்சு" என்றார். அதைச் சொல்லாமலே மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது மிஸ்ஸியிடம், "அது தொழில் ரகசியம்," என்றேன்.

"ரகசியத்தை நீங்கள் வைச்சிருங்கோ. அந்தாளின்ரை ரகசியத்துக்காக அவள் ஏன் மூண்டு பிள்ளையைப் புதைக்கவேணும்?"

இந்த வியாதி துறைமுகத்துக்குப் போகிறவருக்கும் ஒழுக்கம் தவறியவருக்கும் மட்டுமே வருமென்று படித்தவர்கள்கூட எண்ணியிருந்த காலம் அது. தாலி கட்டியவரைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணின் இரத்தத்தில் அது இருக்குமென்று யார் நினைத்தார்கள்? நினைத்தவர் மிஸ்ஸி ஒருவர்தான். மறுநாளே அந்த வீட்டுக்குப் போனார். "ரெண்டு பேரும் இரத்தம் சோதிச்சு ஊசி போடவேணும். இவளிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். மாமியார் அவரைப் படலைக்கு வெளியே துரத்தினார்.

ஒரு மாதத்துக்குள் மேலிடத்துக்கு மனுப் போயிற்று. கௌரவமான குடும்பத்துக்கு அவதூறு செய்தாராம். முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? அடக்கத்தில் பேசிய அதே பெரியவருடையது. விசாரணைக்கு வந்தவர் என்னிடமும் கேட்டார். அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்காமலே, மிஸ்ஸி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார் என்று நான் சொல்லியிருக்கலாம். "எனக்கொன்றும் தெரியாது" என்றேன். எதிரே இருந்த மிஸ்ஸி என் பக்கம் திரும்பவில்லை. அவரைத் தொண்டைமானாற்றுப் பக்கம் மாற்றினார்கள்.

அவர் சொன்னதை அந்தப் பெண் மறக்கவில்லை. தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று வீட்டில் சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் தமையனோடு புறப்பட்டாள். கும்பிட்டு வந்ததும் மிஸ்ஸி அவளை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போவார். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்து நோயை உறுதிசெய்தார்கள். ஊசி போட்ட நாட்களில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துச் சோர்ந்துபோவாளாம். ஒரு நாள் மிஸ்ஸியிடமிருந்து எனக்குத் தபாலட்டை வந்தது. "நேர்த்திக்காரி தவறாமல் வருகிறாள். மற்றவரை அனுப்பவேண்டியது உங்கள் வேலை."

அன்று பின்னேரமே அவள் கணவரைத் தேடிப் போனேன். "ஆருக்கும் தெரியவரப்படாது," என்றார்.

"தெரியவேண்டிய உங்கடை மனுசிக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் ஊசிக்கு வாருங்கோ," என்றேன். வந்தார்.

நான்காவது குழந்தை அழுதுகொண்டு பிறந்தது. முருகன் தந்த பிள்ளை என்று ஊர் கொண்டாடியது. எனக்கு மனம் பொறுக்காமல் தொண்டைமானாறு போய் மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"முருகனுக்கே பேர் போகட்டும். ஆனா அவளை ராசியில்லாதவள் எண்டு சொன்ன ஒரு வாயும் மன்னிப்புக் கேக்கேல்லை. அதுதான் எனக்கு எரியுது."

என்னையாவது மன்னிப்பீர்களா என்று கேட்டேன். "அது என்ரை வேலையில்லை. அவளிட்டைக் கேளுங்கோ," என்றார். இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. இந்த நோயோடு எந்த ஆண் வந்தாலும், மருந்தைக் கையில் கொடுக்கும்போது, "மனுசியை எப்ப கூட்டிக்கொண்டு வாறீர்?" என்று கேட்கிறேன். அடக்கத்துக்கு மறுநாள் வந்த ஒருவர், "அது உமக்கென்ன?" என்று முறைத்தார். நான் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் திரும்பவும் கேட்டேன்.