யார் தலையில் சூடு?

என் மகனுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வராததற்கு என் மாமனார்தான் காரணம் என்று நிரூபிப்பதற்காக, பரம்பரையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைச் சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தவன் நான். மாமனார் வேறு யாருமல்ல, என் அம்மாவோடு கூடப் பிறந்தவர். அவர் ரத்தத்தில் கோளாறு என்றால் அதில் ஒரு பங்கு என் உடம்பிலும் ஓடும் என்பது, புத்தகத்தை இரண்டு முறை படித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

பையன் செவிடு இல்லை. தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது கிணற்று உருளை கிறீச்சிட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். அது சுற்றும்வரை பார்த்துச் சிரிப்பான். அதே காதில் அவன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல் இருப்பான். நாக்கில் வசம்பு தடவியாயிற்று. கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிப் புகட்டியாயிற்று. மிச்சமிருந்தது சூடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்துக் காலை. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டுக் களத்தில் ஏற்பாடு. சூடு போடுகிறவர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்திருந்தார். பையனின் உச்சந்தலையில் எட்டணா அகலத்துக்கு முடியை மழித்தார். மண்சட்டியில் கனன்ற கரிக்குள் விரலி மஞ்சளைச் செருகினார். பையன் மாமனார் மடியில் இருப்பதையும் மறந்து, சட்டியிலிருந்து எழும் புகையை ரசித்துக்கொண்டிருந்தான். என் மனைவி வீட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

நான் புத்தகத்தோடு போயிருந்தேன்.

"நிறுத்துங்க மாமா. இது சூட்டுல போறதில்லீங்க, ரத்தத்துல வர்றது. உங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் கடைசிவரைக்கும் பேசாமயே ஆடு மேச்சாரே, மறந்துட்டீங்களா?"

"அவரு பொண்டாட்டி உட்டாத்தானுங்க மாப்ள அவரு பேசுவாரு?" என்றார் மாமனார். "பையன் பொறந்தப்ப அழுவல. ரெண்டு நாள் வலி. மருத்துவச்சி தலைகீழாத் தூக்கித் தட்டின பொறகுதான் மூச்சே வந்துச்சு. மூளைக்குச் சூடு பத்தாமப் போயிருச்சு. பத்தாததைக் குடுத்தாச் செரியாப் போயிரும். இதுக்குப் புஸ்தகம் எதுக்குங்க?"

பிரசவத்தைப் பற்றியும் அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. மாமனாரைக் குற்றம் சாட்ட உதவாது என்று அதைப் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எங்கள் வம்சத்தை வரையத் தொடங்கினேன். எங்கள் வீடுகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. மாமா தன் தங்கையை என் அப்பாவுக்குக் கொடுத்து, என் அப்பாவின் தங்கையைத் தான் கட்டிக்கொண்டார். அந்த அத்தை பெற்ற பெண்ணை நான் கட்டினேன். ஆகவே எந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனாலும் அதே நாலு பேரிடம் போய் நின்றது. மரமாக விரிய வேண்டியது கயிறாக முறுக்கிக்கொண்டது.

"கூட்டம் வேற வேறயில்லீங்களா?" என்றார் மாமனார் எட்டிப் பார்த்து. "ஒரே கூட்டத்துல கட்டுனாத்தான ரத்தம் ஒண்ணாகும்?"

கூட்டம் என்றால் குலம். எங்கள் பக்கத்துக் கணக்கு அப்படி. அப்பன் வழியில் ஒரே கூட்டமென்றால், எத்தனை தலைமுறை தள்ளி எந்த ஊரில் இருந்தாலும் அவள் தங்கை. மாமன் மகள் மட்டும் அந்நியம்.

"மஞ்ச பழுத்துருச்சுங்க" என்றார் சூடு போடுகிறவர். குறட்டால் அதை எடுத்து ஊதினார். நுனி சிவந்தது. மாமனார் பையனின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். யார் தொட்டாலும் பொறுக்காதவன் அவன், வீறிட்டான். பாய்ந்து பிடுங்கியிருக்க வேண்டிய நான், "இருங்க, அந்தப் பக்கத்தைக் காட்டறேன்" என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

என் மனைவி எப்போது கதவை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. மழித்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, ரத்தம்னு இவிய சொல்றாங்க. மூச்சுன்னு நீங்க சொல்றீங்க. ரத்தம்னா அது உங்ககிட்ட இருந்து வந்தது. மொதல்ல உங்க தலையைக் குடுங்க. அப்புறம் இவிய குடுக்கட்டும். மூச்சுன்னா, பெத்தவ நான். என்ற தலையில வெய்யுங்க. மூணு பேருக்கும் பலிச்சுதான்னு பாத்துட்டுப் பையனுக்கு வெச்சுக்கலாம்."

சூடு போடுகிறவர் எங்கள் தலைகளை வரிசையாகப் பார்த்தார். மாமனாரின் கை தன் வழுக்கைக்குப் போனது. நான் என் கிராப்பைத் தொட்டுக்கொண்டிருந்தேன். குறட்டு நுனியில் மஞ்சள் கறுத்து, பிறகு சாம்பல் பூத்தது.

"ஆறிப்போச்சுங்களே" என்றார் அவர். மறுபடி சட்டியில் செருகவில்லை. மண்ணை அள்ளிக் கரிமேல் போட்டார்.

பையன் கொஞ்ச நேரம் விம்மிவிட்டு அடங்கினான். அம்மாவின் கையைத் தட்டிவிடவில்லை. அவனை அறிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. பேச்சு அப்புறமும் வரவில்லை. காரணம் ரத்தமா, மூச்சா, இரண்டும் சேர்ந்தா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்து, நான் தாண்டிப் போன பிரசவ அத்தியாயத்தைப் பற்றி மாமனாருக்கு விளக்கத் தொடங்கினேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார்.

"உடு கண்ணு, வெசனப்படாத. மாப்ள பேசற பேச்சுக்கு, ஊட்டுல ஒருத்தராச்சும் பேசாம இருக்க வேண்டாமா?"