பதினாலாயிரம் டாலர் நீல வேன்

ஆக்லாந்திலிருந்து லிசியாட்டே தன் அத்தைக்கு வேன் அனுப்பும் செய்தி, வேன் கப்பலில் ஏறும் முன்பே தீவிலிருக்கும் கோலோவாய் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரிய வைத்தவள் அத்தை லொசேலிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றாள். மருமகன் அனுப்பிய பில்லின் படத்தைக் கைபேசியில் போதகரிடம் காட்டி, சத்தமாக வாசிக்கச் சொன்னாள். பதினாலாயிரம் நியூசிலாந்து டாலர். போதகர் வாசித்துவிட்டு, காது கேட்காதவர்களுக்காக இன்னொரு தரமும் வாசித்தார். பின்வரிசையில் லாரிக்காரன் ஃபத்தாய் மட்டும் தலையைக் குனிந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபத்தாயின் லாரியில்தான் அவளுடைய சேப்பங்கிழங்கு மூட்டைகள் பதினோரு வருடமாகச் சந்தைக்குப் போயின. மூட்டைக்கு இவ்வளவு என்று கறந்துவிடுவான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் எழுந்து, வயிறு முட்டத் தின்று, மனசு வந்த பிறகுதான் லாரி கிளம்பும். சனிக்கிழமை சந்தையில் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டு போன பிறகு லொசேலி போய் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள்.

புருஷன் செத்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளையும் எட்டு ஏக்கர் தோட்டத்தையும் விட்டுப்போனான். பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சிட்னிக்குப் பறந்துவிட்டன. தோட்டம் பறக்கவில்லை. அறுபத்திரண்டு வயதிலும் குழி வெட்டி, நட்டு, களை பிடுங்குகிறவள் அவளே. யாராவது பாவம் என்று சொன்னால், பாவப்படுகிற நேரத்தில் ஒரு வரிசை களை பிடுங்கலாமே என்று கேட்பாள். அதனால் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அவள் ஒருத்தனுக்கு அத்தை. அந்தத் தீவில் அப்பாவின் அக்கா தங்கைக்கு மேல் ஆள் கிடையாது. லிசியாட்டேயின் அப்பாவான அண்ணன் செத்தபோது அவள்தான் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அண்ணி அடுப்படியில் நின்றாள். லிசியாட்டேயின் கல்யாணத்துக்கு வந்த குளிர்பெட்டியை, இது எனக்கு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை நன்றி சொன்னான். அவன் நன்றி சொன்னதில் அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை.

அப்படிப்பட்ட அத்தைக்கு அனுப்பும் வண்டிக்குக் குறைந்த விலையை எழுத எவனுக்குக் கை வரும்? லிசியாட்டே ஆக்லாந்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அங்கேயும் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் பில் வாசிக்கப்பட்டது. கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் அதே பில்லைக் கப்பல் காகிதங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டான்.

துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் அந்தப் பில்லை வைத்து வரி போட்டார்கள். தீவுப் பணத்தில் ஒன்பதாயிரத்து முந்நூறு பாங்கா.

லொசேலியிடம் இருந்தது இரண்டாயிரத்து இருநூறு. போன வருடத்து வள்ளிக்கிழங்குப் பணம். வண்டி துறைமுகத்தில் நிற்க நாளுக்கு இருபது பாங்கா வாடகை. முப்பது நாளில் எடுக்காவிட்டால் ஏலம். மரியாதையான இடத்துக்குப் போகும்போது தீவில் எல்லோரும் கட்டுவதுபோல அவள் இடுப்பில் நல்ல பாயைக் கட்டிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போன அன்று பதினாறாவது நாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் உவாய்செலே. அவன் அம்மாவும் லொசேலியும் ஒரே கொட்டகையில் பாய் முடைந்தவர்கள்.

"பெரியம்மா, வண்டிய நானே போயி பார்த்தேன். அது பதினாலாயிரமா?"

"பில்லுல என்ன போட்டிருக்கு?"

"பில்லுல போட்டிருக்கு. வண்டியப் பார்த்தா அப்படித் தெரியலையே."

வாங்கின ஆள் நிஜ விலையை எழுதி அனுப்பினால், முதல் பில் தவறு என்று அவள் கையெழுத்துப் போட்டால், வரியை மாற்றலாம் என்று விளக்கினான். லொசேலிக்குப் பின்னால் ஃபத்தாயின் பெண்டாட்டி நின்றாள். சிட்னியிலிருந்து அவளுக்கு ஒரு பீப்பாய் சாமான் வந்திருந்தது. தனக்கு அவசரமில்லை, நிதானமாகப் பேசட்டும் என்றாள். லொசேலி வெளியே வந்துவிட்டாள்.

வண்டியைப் பார்க்க விட்டார்கள். நீல வேன். பக்கக் கதவு திறக்கவில்லை. அடியில் துரு. நீலம் பளபளவென்று இருந்தது. கிட்டே போனால் பிரஷ் இழுத்த கோடு கோடாகத் தெரிந்தது. சாவி கேட்டு வாங்கித் திருகினாள். முதல் திருகில் கிளம்பியது. அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, எவ்வளவு குடுத்து வாங்கின?"

"பில்லுல இருக்கே அத்தை."

"சரி. அந்தப் பில்லுக்கு வரி ஒம்பதாயிரத்து முந்நூறு. நாளைக்கு அனுப்பிடு."

அவள் ஒரு கிழங்கை முழுசாகச் சீவி முடித்தாள்.

"பன்னெண்டுன்னு வச்சுக்குங்க அத்தை."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். பன்னிரண்டு ஒன்பதானது. ஒன்பது ஆறானது. ஆறில் கொஞ்ச நேரம் நின்றான். மழை, வேலை, குழந்தைக்குச் சளி எல்லாம் பேசினான். அவள் கத்தியை நிறுத்தவில்லை. நாலானது. பாத்திரம் நிறையும்போது ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்து சேர்ந்தான். அதற்குக் கீழே போக இடமில்லை. கூட வேலை செய்கிறவனிடம் வாங்கியது. பழைய நிறம் உரிந்திருந்ததால் இரண்டு நாள் உட்கார்ந்து தானே பெயின்ட் அடித்தானாம். வெளியில் அதே வேலைக்கு எண்ணூறு வாங்குவானாம்.

"அத்தைக்கு ஆயிரத்தைந்நூறுக்கு வண்டின்னு எப்படி எழுதுவேன்? அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"உங்கப்பன் இருந்திருந்தா இருபதாயிரம்னு எழுதியிருப்பான். நான் இந்நேரம் ஜெயில்ல இருப்பேன். நெசத்த எழுதி அனுப்பு."

மறுநாள் களை பிடுங்கும்போது அவளுக்கு இன்னொரு வழியும் தோன்றியது. வண்டியை விட்டுவிடலாம். ஏலத்தில் போகட்டும். கடலில் ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் சொன்னால் யார் தோண்டப்போகிறார்கள்? அவன் பதினாலாயிரமும் நிற்கும், அவள் கோயிலில் எழுந்து நின்றதும் நிற்கும். அவன் அவளுக்காகப் பொய் எழுதினான். அவள் அதைப் போதகர் வாயால் இரண்டு தரம் வாசிக்க வைத்தாள். இதில் யார் பெரிய முட்டாள் என்று யோசித்தாள். தான்தான் என்று முடிவுக்கு வர நேரமாகவில்லை. வரிசை முடிந்தபோது ஃபத்தாயின் லாரி சாலையில் வருவதைப் பார்த்தாள். மணி பத்தரை. சனிக்கிழமை. அவளுடைய மூட்டைகளை ஏற்ற அப்போதுதான் வந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே போய்விட்டாள். ஃபத்தாயின் பெண்டாட்டி ஏற்கெனவே பெஞ்சில் இருந்தாள். அவளுடைய பீப்பாய் போன வாரமே போய்விட்டது. எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

லிசியாட்டே கைபேசியில் அனுப்பிய புதுப் பில்லை லொசேலி உவாய்செலேயிடம் காட்டினாள். அவன் மெதுவாக, தாழ்ந்த குரலில் விலையைப் படித்தான். நல்ல பையன். அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"ஆயிரத்து ஐந்நூறு. நல்லாக் கேட்டுக்கோ, திருப்பிச் சொல்ல மாட்டேன்."

ஃபத்தாயின் பெண்டாட்டி தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்றாள்.

"விழலைன்னா கிட்ட வா. பதினாலாயிரம் பொய். கோயில்ல நான்தான் வாசிக்கச் சொன்னேன். போயி உன் புருஷன்கிட்டச் சொல்லு. வர்ற சனிக்கிழமைலேர்ந்து என் மூட்டை அவன் லாரில வராதுன்னும் சேர்த்துச் சொல்லு."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸுக்காக ஓடியது போலத்தான் இருந்தது.

உவாய்செலே படிவத்தில் எழுத ஆரம்பித்தான். வண்டியின் நிலைமையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குறைத்தே போடலாம் என்றான்.

"பிரஷ்ஷால அடிச்சிருக்காங்க பெரியம்மா. அது சுவருக்கு அடிக்கிற பெயின்ட். அதால விலை கொறையுமே தவிர ஏறாது."

"அடிச்ச கூலி எண்ணூறு. அதையும் சேர்த்து எழுது."

"சேர்த்தா வரி கூடும்."

"கூடட்டும். வண்டி குப்பைதான். அதுக்காக என் மருமவன் கூலியும் குப்பையா?"

அவன் அதையும் சேர்த்து எழுதினான். வரியும் துறைமுக வாடகையும் சேர்த்துக் கணக்குச் சொன்னான். கையிலிருந்ததில் முந்நூற்றுச் சொச்சம் மிஞ்சும். அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் முத்திரை குத்தினான். அவள் பணத்தை எண்ணத் தொடங்கும்போது லிசியாட்டே கூப்பிட்டான். வண்டி வந்துவிட்டதா என்று கேட்டான். பெயின்டுக்கும் ஏதாவது விலை போட்டார்களா என்றும் கேட்டான்.

"எண்ணூறு."

"ஓ." கொஞ்சம் இழுத்தான். "ரெண்டு பூச்சு அடிச்சேன் அத்தை."

"அதுக்கு எவ்வளவு?"

"ரெண்டாவது பூச்சுக்கு வெளிய தனியா முந்நூறு வாங்குவேன்."

லொசேலி கைபேசியை அணைத்து, பணத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த எண்ணூற அழிச்சு ஆயிரத்து நூறுன்னு எழுது."

உவாய்செலே முத்திரை குத்திய தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இழுப்பறையைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தான்.