பிரேக் பிடிக்காத காலை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நண்டு விற்பதற்காக. பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் நண்டைக் கரையிலேயே வியாபாரியிடம் கொடுத்தால் ஒரு விலை. அதையே சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேறு விலை. இதை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்கவே வெகுநாள் ஆனது. புரிந்த பிறகு மீஞ்சூரில் ஒருவர் விற்ற பழைய வெள்ளைக் காரை வாங்கினோம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஈரச் சாக்குப் போர்த்திய நண்டுக் கூடைகளையும் ஐஸ் போட்ட இறால் பெட்டிகளையும் அடுக்கினேன். கழற்றிய சீட் எங்கள் வீட்டு சோபா ஆனது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்ததும், “பெல்ட்டு போட்டுக்கோங்க, போலீஸ் வரும்” என்பார் வீட்டுக்காரர்.

அவர் ஏரிக்குப் போகிறவர். கார் ஓட்டமாட்டார். ஓட்டுவது, போனில் ஆர்டர் எடுப்பது, வாட்ஸப்பில் நண்டுப் படம் போடுவது எல்லாம் என் வேலை. நண்டு கேட்டவரிடம் “இறாலும் வந்திருக்கு மேடம், உரிச்சே தரேன்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகுதான் வியாபாரம் ஓடத் தொடங்கியது.

அன்று காலை கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டச்சுக்காரர் கல்லறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ரோடு கொஞ்சம் அகலம். வெயிலும் நன்றாக விழும் என்பதால் ஓரத்தில் வலை விரித்துக் கருவாடு காயப்போடுவார்கள். மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல், சேற்றில் வைத்தது போல அடிவரை போய்விட்டது. மறுபடி மிதித்தேன். அதே கதை. மாட்டின் மேல் மோதாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கார் உறுமிக்கொண்டே ஓரத்தில் இறங்கி, காய்ந்துகொண்டிருந்த நெத்திலியின் மேல் ஏறி, கல்லறை வாசலுக்கு முன்னால் நின்றது. வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைத் தினம் பார்க்கிறேன். அன்றுதான் அதுவும் என்னைப் பார்ப்பது போல இருந்தது.

நெத்திலிக்குச் சொந்தக்காரப் பெண்மணி கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பட்டப்பகல்ல இவ்ளோ பெரிய ரோட்டுல என் நெத்திலிதான் கெடச்சுதா?”

“அக்கா, பிரேக் புடிக்கலக்கா.”

அவர் முகம் சட்டென்று மாறியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். “உனக்கு ஒண்ணும் ஆவலையே? எறங்கு மொதல்ல. இந்தா, தண்ணி குடி.” என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு சொன்னார்: “சரி, டயரு ஏறின நெத்திலிய இனிமே எவ வாங்குவா? ஓரத்துல கீறது நல்லாத்தான் கீது. மொத்தமா நீயே எடுத்துக்கோ. வாளைக் கருவாடு கூட கீது, அதையும் போட்டுக்கட்டா?”

பயம் தெளிவதற்குள் வாளையும் வாங்கிவிட்டேன்.

போன் போட்டதும் வீட்டுக்காரர் படகுத்துறையிலிருந்து ஈர லுங்கியோடு ஓடிவந்தார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் சொட்டி மண்ணில் கறுப்பாக ஊறியிருந்தது. நான் வந்த வழியெல்லாம் அந்தக் கறை விட்டுவிட்டுத் தெரிந்தது. அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நண்டையும் இறாலையும் தெரிந்தவருடைய லோடு ஆட்டோவில் சென்னைக்கு அனுப்பினோம். பழவேற்காட்டில் படகு இன்ஜினைப் பிரித்து மாட்ட ஆள் உண்டு. கார் பிரேக்கை நம்பி ஒப்படைக்க எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பொன்னேரி தாண்டிப் பெரிய ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. போன் செய்ததும் அவர்களே இழுவை வண்டி அனுப்பினார்கள். அதற்குத் தனி வாடகை என்று வண்டி வந்த பிறகு சொன்னார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடிக் கதவு, ஏ.சி. அறை, காபி மெஷின். இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் இளைஞர் கையில் டேப்லட்டோடு வந்தார். வண்டிகளைப் பார்த்து என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. நேராக என் வீட்டுக்காரரிடம் போய், “சார், எவ்வளவு நாளா இந்தப் பிரச்சினை?” என்றார்.

“அதுகிட்ட கேளு. அதுதான் டிரைவரு” என்றார் இவர்.

இளைஞர் என் பக்கம் திரும்பினார். காரை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, டேப்லட்டில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பின் சக்கர சிலிண்டர் போய்விட்டது. ஷூ, டிரம், முன்பக்க பேட், டிஸ்க் எல்லாமே மாற்றிவிடுவது நல்லது. வண்டி மேலே ஏறியிருக்கும்போதே இன்ஜின் உள்பக்கத்தையும் க்ளீன் பண்ணிவிடலாம், ஏ.சி.யையும் பார்த்துவிடலாம்.

“அப்புறம் மேடம், உள்ள ஒரு… ஸ்மெல் இருக்கு. இன்டீரியர் க்ளீனிங் ஒண்ணு போட்டுக்கலாமா?”

“அது கருவாடு. அதுக்கெல்லாம் ரிப்பேர் இல்ல” என்றார் வீட்டுக்காரர்.

கடைசியாகத் தொகையைக் காட்டினார். கார் வாங்கிய விலையில் கிட்டத்தட்டப் பாதி. வீட்டுக்காரரைப் பார்த்தேன். கரையில் ஒரு பாளம் ஐஸுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர். இப்போது போடப்போகிற சத்தத்தில் காபி மெஷினே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

“எல்லாத்தையும் போட்டுடு தம்பி” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாய்யா ஆச்சு உனக்கு? ஒரு வார்த்தை கேக்காம போட்டுடுன்ற?”

அவர் ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்த ஆயிலு சொட்டிக்கினே வந்துச்சு பாத்தியா? கல்லற கிட்ட மாடு வந்துச்சு, நின்ன. மாடு வராம இருந்தா இந்த ரோட்டுக்கு வந்திருப்ப. இங்க லாரிக்கு முன்னாடி பிரேக் அடிச்சிருப்ப.” லுங்கி முனையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, புயல் எச்சரிக்கையிலும் ஏரிக்குப் போகிறவரைப் பார்த்துப் பயந்தது நான்தான். எனக்காக அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு சொன்னேன்: “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பயத்துல எதையும் வாங்கக் கூடாதுய்யா. காலையில வாளைக் கருவாடு வாங்கினதே போதும்.”

“எவ்ளோ குடுத்த?” என்றார்.

சொன்னேன்.

“நல்லா ஏமாத்திட்டாம்மே உன்னை!” என்று சிரித்துவிட்டார். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெம்பு வந்தது.

உள்ளே போய் இளைஞரிடம், காருக்கு அடியில் நானே பார்க்க வேண்டும் என்றேன். கஸ்டமரை அங்கே விடமாட்டார்கள் என்று முதலில் தயங்கினார். நான் நகரவில்லை. பிறகு ஒரு மஞ்சள் தொப்பியைக் கொடுத்துக் கூட்டிப்போனார்.

அடியில் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. கூடைகளிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் தரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக இறங்கி எல்லாவற்றையும் தின்றிருந்தது. பிரேக் பைப்பை விரலால் தொட்டேன். பொரி போல உதிர்ந்தது. அது பொய்யில்லை. ஆனால் முன் சக்கரத்தைப் பார்த்ததும் நின்றேன்.

“தம்பி, இந்த பேட் தீபாவளிக்கு மாத்தினது. மீஞ்சூர்ல நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இன்னும் பாதி கூட தேயலையே?”

அவர் குனிந்து பார்த்தார். “ஆமா மேடம், இது ஓடும்” என்று டேப்லட்டில் ஒரு வரியை அழித்தார்.

பட்டியலில் ஒரு வரி போனால் இன்னும் சில வரிகள் போகும் என்பது எனக்குத் தெரியும். நானும் விற்கிறவள்தானே. ஆனால் ஒவ்வொன்றாகச் சண்டை போட எனக்கு விஷயம் தெரியாது. அதனால் நேராகவே கேட்டேன்.

“இது உங்க அக்கா வண்டின்னு வெச்சுக்கோங்க. அவங்க இதுல பொழப்பு நடத்தறாங்க. இப்ப எதை மாத்துவீங்க?”

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜர் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். “பைப் முழு செட்டும் மாத்தணும் மேடம், அதுல யோசிக்காதீங்க. பின் சிலிண்டர், ஷூ, பிரேக் ஆயில். டிஸ்க்ல கோடு விழுந்திருக்கு, ஆனா அடுத்த சர்வீஸ் வரைக்கும் தாங்கும். டிரம் புதுசு வேணாம், பழசையே கடைஞ்சு போட்டா போதும்.”

“இன்ஜின் க்ளீனிங்?”

“வேணாம்.”

“ஏ.சி.?”

“அதுவாவது போட்டுக்கலாமே மேடம், வெயில் காலம் வருது.”

“அது வேலையே செய்யாது தம்பி. வாங்கின நாள்லேர்ந்தே.”

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, “மாசக் கடைசி மேடம். டார்கெட் வேற. மேல கேப்பாங்க” என்றார். அவர் சொன்னதெல்லாம் உண்மைதானா, பாதி மட்டுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த முகத்தை நம்பலாம் என்று தோன்றியது. துருப்பிடிக்காமல் அடித் தகட்டுக்கு ஒரு பூச்சு அடிப்பார்களே, அதை மட்டும் நானே கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவர் சொல்ல மறந்தது அது ஒன்றைத்தான். எனக்கு உண்மையில் தேவைப்பட்டதும் அதுதான்.

அப்படியும் தொகை சின்னதில்லை. ஐஸ் பெட்டி வாங்க வைத்திருந்த சீட்டுப் பணம் அத்தனையும் அங்கேயே போனது. பில்லைக் கையில் வாங்கும்போது வீட்டுக்காரர் ஒரு முனகல்கூட முனகவில்லை. மாற்றிய பழைய பைப்பை மட்டும் கேட்டு வாங்கி, ஒரு தாளில் சுற்றி வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். “இவ்ளோ துட்டு குடுத்தோம், சும்மாவா உட்டுட்டுப் போவறது?” என்றார்.

வேலை முடிந்து கிளம்பும்போது இளைஞர், “நண்டு எப்படி மேடம் கிலோ? வீட்ல ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றார்.

விலையைச் சொன்னேன். வாய் பழக்கத்தில் தானாகவே தொடர்ந்தது: “கூட இறாலும் எடுத்துக்கோங்க, உரிச்சே தரேன்.”

“மேடம், இது எங்க வேலை!” என்றார். ஆனாலும் இரண்டையும் சொல்லிவைத்தார்.

திரும்பும்போது நான் பயந்து பயந்துதான் ஓட்டினேன். ஆளில்லாத ஓரிடம் பார்த்து, சும்மா ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கார் அப்படியே பிடித்து நின்றது. சொல்லாமல் செய்ததால் வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்து தலையை இடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னொரு வாட்டி அடி” என்றார்.

இன்னொரு முறை அடித்தேன். இந்த முறை முன்னாலேயே கையை ஊன்றிக்கொண்டார். அப்புறம் பழவேற்காடு வரும் வரை அவ்வப்போது “அடி, பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் எங்களைப் பைத்தியம் என்று திட்டிவிட்டுத் தாண்டிப் போனார். ஏரி தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி டீ குடித்தோம். காற்று தெற்கிலிருந்து வந்தது. நாளைக்கு இறால் படும் என்றார் அவர். படாவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவர் ஏரிக்குப் போகாமல் ஒருநாள் வீட்டில் இருந்தார். பழைய ஃபைபர் படகின் உடைந்த பக்கத்தை அறுத்து, படகுக்கு ஒட்டுப் போடுகிற பசையையே தடவி, காரின் பின்பக்கத்துக்கு அளவாக ஒரு தொட்டி செய்தார். ஒரு மூலையில் ஓட்டை போட்டு, அதில் ரப்பர் குழாயைச் செருகி வெளியே விட்டார். கூடைகள் இப்போது அந்தத் தொட்டிக்குள் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் தகட்டில் படுவதே இல்லை. சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் என் நைனா வந்து பார்த்துவிட்டு, “காருக்குள்ள படகு வெச்சிருக்கான் மாப்ள” என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு பிரேக் ஒருமுறையும் என்னைக் கைவிடவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் சென்னையிலிருந்து திரும்பி வாசலில் வண்டியை நிறுத்தினால், மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பது போல, வலை பின்னுகிற கையை நிறுத்தாமல் கேட்பார்:

“பிரேக்கு எப்படிமே கீது?”

“நல்லா கீதுய்யா” என்பேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுவார்.