வாசலை மறித்த கரி வண்டி

யுத்த காலத்தில் மாம்பலத்தில் குடியிருந்தோம். எங்கள் கேட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அந்த நிழல்தான் வினை. கடைத்தெருவுக்கு வரும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் காரை உள்ளே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால், "ரெண்டு நிமிஷம்தானே சார்" என்பார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் ஆபீஸ் போய்த் திரும்பியிருக்கலாம்.

என் மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கென்று ரேஷன் பெட்ரோலில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஷெட்டில் இருந்த என் பழைய காரில் ஊற்றி வைத்திருந்தேன். லீவு போட்டு வீட்டோடு இருந்தேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு கரி வண்டி வந்து பாதையை அடைத்து நின்றது. பெட்ரோல் தட்டுப்பாட்டால், பின்னால் ஓர் உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டுகிற கார். அணைந்தால் மறுபடி மூட்டிக் கிளப்ப நேரமாகும் என்று தணலை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். முதலாளி துணிக்கடைக்குப் போனார், டிரைவர் சாப்பிடப் போனான். புகை நேராக எங்கள் ஜன்னலுக்குள் வந்தது. மனைவி இருமினாள். எனக்குத் தலைக்கேறியது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து உருளையின் மூடியைத் திறந்து கவிழ்த்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. அணைந்த வண்டி என் வாசலிலேயேதான் நிற்கும் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

சற்று நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. காரில் உட்கார வைத்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் வாயைத் துடைத்தபடி ஓடி வந்தான்.

"தோ எடுத்துடறேன் சார்" என்று மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "எந்தப் பேமானியோ தண்ணி ஊத்திக்கீறான் சார். நீங்க யாரையாச்சும் பாத்தீங்களா?"

"பார்க்கலப்பா" என்றேன்.

மனைவி பின்சீட்டிலிருந்து என்னையே பார்த்தாள். நான் குடத்தைக் கவிழ்த்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

கேட் பக்கம் மேடு. நானும் அவனுமாகத் தள்ளினோம், நகரவில்லை. அவன் தெருவுக்கு ஓடி இரண்டு ரிக்‌ஷாக்காரர்களைக் கெஞ்சிக் கூட்டி வந்தான். வழி கிடைப்பதற்குள் அரை மணி ஆகிவிட்டது. அவள் ஒருமுறைகூட அலறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, என் தப்புதான்" என்று அவன் கார் ஜன்னலருகே வந்து கைகூப்பினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நர்ஸ் என்னைத் திட்டினாள். சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். நான் குழந்தையைக் குனிந்து பார்ப்பதற்குள் மனைவி கேட்டாள்:

"அந்த டிரைவர்கிட்ட சொன்னேளா?"

"எதை?" என்றேன்.

அவள் குழந்தையை மெல்லத் தூக்கி, எனக்கு எட்டாத மறுபக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.