இரண்டு பஞ்சாங்கம், ஒரு கால்விரல்

என் கணவர் சம்பந்தம் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். தன் உடம்பிடமும் அதே கண்டிப்புதான். அங்கே அவருக்கு அளவுகோல் பஞ்சாங்கம்.

உயிர்நிலை உடம்புக்குள் நிலவோடு நகர்கிறது என்பது அவர் குடும்பத்து நம்பிக்கை. அமாவாசை கழிந்த பிரதமையில் ஆணுக்கு வலது கால் பெருவிரலில் இருக்கும். திதிக்குத் திதி மேலேறி, பௌர்ணமியில் உச்சந்தலையைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கும். அது தங்கும் இடத்தில் ஊசியோ கத்தியோ படக்கூடாது. கேம்ப் ரோடு லேபில் ரத்தம் எடுக்கப் போனால், "இந்தக் கையில உயிர் கீதும்மா, அதுல குத்து" என்று மறுகையை நீட்டுவார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு குத்துவாள்.

அவர்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், சேலையூரில் என் பிறந்த வீட்டில் திருக்கணிதம். இரண்டிலும் திதி முடிகிற நேரம் சில மணி முன்பின்னாக இருக்கும். கல்யாணமான புதிதில் விரத நாளுக்கே சண்டை வரும். "உங்க வூட்டு நிலா மட்டும் எக்ஸ்பிரஸ்ல போவுதா?" என்பார். பிறகு நான் அவர்கள் பஞ்சாங்கத்துக்கே மாறிவிட்டேன்.

சர்க்கரை நோய் வந்தபின் ஒருமுறை செருப்பு கடித்த புண் ஆறாமல், வலது பெருவிரல் கறுத்துப்போனது. மறுநாள் காலையே விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் சீழ் ஏறிப் பாதமே போய்விடும் என்றார் டாக்டர் கிறிஸ்டி. மறுநாள் வளர்பிறைப் பிரதமை. நண்பகலில் அது முடிந்த பிறகு வெட்டட்டும் என்று இவர் கையெழுத்துப் போட மறுத்தார். டாக்டருக்கோ ஆபரேஷன் தியேட்டர் காலையில் மட்டும்தான் கிடைக்கும். அதை விட்டால் அதற்கும் மறுநாள்.

டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். நான் அழுது பார்த்தேன்.

"உயிர் மேல ஏறட்டும்னு நீங்க காத்திருந்தா, சீழும் கூடவே காத்திருக்குமாங்க?" என்று கேட்டேன்.

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து போனில் திருக்கணிதத்தைத் தேடினேன். அதில் பிரதமை மறுநாள் விடிவதற்கு முன்பே முடிவதாகப் போட்டிருந்தது. உள்ளே போய்ப் படித்துக் காட்டினேன்.

"அது உங்க வூட்டுப் பஞ்சாங்கம்."

"இத்தனை வருஷமா உங்க பஞ்சாங்கத்துலதான் விரதம் இருக்கேன். இந்த ஒரு விரலுக்கு எங்களுதப் பாருங்க."

அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, போனைத் தானே பார்த்தார். கணக்கு மெட்ராஸுக்குப் போட்டதா, வேறு ஊருக்கா என்று மட்டும் கேட்டார். மெட்ராஸுக்குத்தான் என்றேன். பேனாவுக்குக் கை நீட்டினார்.

விரல் போயிற்று, பாதம் தங்கியது. செருப்பு நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டு பல வருஷம் நடந்தார். "வெட்டுறதுக்கு மட்டும் உங்களுது, மத்ததெல்லாம் எங்களுதுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்.

போன ஆவணியில் ஒரு விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். அந்த நேரத்துக்குத் திருக்கணிதப்படி தசமி, வாக்கியப்படி நவமி. வருஷத் திதி நெருங்குகிறது. எந்தத் திதி என்று ஐயர் இன்று போனில் கேட்டார்.

நவமி என்று சொல்லிவிட்டேன். என் பிறந்த வீட்டுப் பஞ்சாங்கத்தை இவர் ஒரு தடவை ஏற்றுக்கொண்டார். எனக்கு அது போதும்.